கிளாட்வின் கட்டிய வண்டி

திங்கட்கிழமை. காலை 5.20.

முள்ளக்காடு தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும் சாலையில், உப்பு ஏற்றப் போன லாரியை மாசானம் சட்டென்று நிறுத்தினார். ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரம் ஒரு ஊரிலும் இருக்கை அடுத்த ஊரிலும் இருப்பது போல அவ்வளவு நீளமான வண்டி. சிப்பியின் உள்பக்கம் போல வெள்ளையாக மினுங்கியது. அதற்கு அடியில் ஓர் ஆள் குப்புறக் கிடந்தான்.

மாசானம் வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். ஆளைப் புரட்டிப் பார்த்தார். உயிர் இல்லை. 108-க்குப் போன் செய்துவிட்டு அங்கேயே நின்றார். பேசாமல் லாரியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவருக்கு எந்தச் சிக்கலும் வந்திருக்காது. நல்ல மனுஷன், நின்றுவிட்டார்.

போலீஸ் வந்தது. லாரியின் பம்பரில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. செத்தவனின் வண்டியும் வெள்ளை. ஒன்பது மணிக்குள் கேஸ் முடிந்து, மாசானத்தின் சட்டையும் பெல்ட்டும் கழற்றப்பட்டுவிட்டன.

காலை 9.40.

மோட்டார் வாகன ஆய்வாளர் அருணாசலவடிவு ஸ்டேஷன் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். உயிர்ப்பலியான விபத்து என்றால் வண்டியைச் சோதித்து அறிக்கை கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருஷத்தில் ஆயிரம் வண்டிகளாவது பார்த்திருப்பாள். மனிதர்களைவிட வண்டிகளிடம் அவளுக்குப் பொறுமை அதிகம். வண்டி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் என்பது அவள் கட்சி.

வாசலில் ஒரு பெண் அவளை மறித்தாள். மாசானத்தின் மனைவி ஆறுமுகத்தாய்.

"அம்மா, நீங்கதான் வண்டியப் பாக்க வந்தவுகளா? எங்க வீட்டுக்காரவுக இடிக்கலம்மா. இடிச்சவுக எதுக்கு நிக்கப் போறாவ? சாயங்காலம் ஜெயிலுக்குக் கொண்டு போயிருவாவளாம்."

"இருங்க, பாத்துட்டு வாரேன்" என்றாள் வடிவு.

இன்ஸ்பெக்டர் செந்தூர்வேல் அவசரத்தில் இருந்தார். "சீக்கிரம் எழுதிக் குடுத்திருங்க மேடம். ஆறு மணிக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னால ஆஜர்படுத்தணும். வண்டியில கோளாறு இல்லன்னு ஒரு வரி. அது போதும்."

"செத்தது யாரு?"

"கிளாட்வின். திரேஸ்புரத்துல சாப்பர் கட்டுத ஆளு. பழைய புல்லட்ட அறுத்து, முன்சக்கர ஃபோர்க்க நீட்டி, என்னென்னமோ செய்வான். வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து பாத்துட்டுப் போவானுவ. இந்த வண்டி அடுத்த வாரம் கோவாவுல கண்காட்சிக்குப் போகுதாம். வெள்ளன நாலரைக்கு ஓட்டிப் பாக்கப் போனான்னு பார்ட்னர் ரெக்ஸ் சொல்லுதான்."

வடிவு முதலில் லாரியிடம் போனாள். பம்பரின் வெள்ளைத் தீற்றலை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து நாக்கில் வைத்தாள். உப்பு கரித்தது.

பிறகு மாசானத்தைப் பார்த்தாள். பெஞ்சின் ஓரத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"வண்டியத் தூக்குனீயளே, எப்படித் தூக்குனீய?"

"ஹேண்டில ஒரு கையில, பின்னால ஒரு கையில பிடிச்சேன். முழங்கால் சைலன்சர்ல நல்லா அழுந்திருச்சும்மா."

"சுட்டுச்சா?"

"சுடல. பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு."

"பெட்ரோல் வாசம்?"

மாசானம் யோசித்தார். "இல்லம்மா. உப்பளத்து வாசந்தான்."

"நாம கேக்காம இதையெல்லாம் சொன்னானா பாருங்க" என்றார் செந்தூர்வேல், ஏதோ மாசானம் மறைத்துவிட்டது போல.

காலை 10.30.

ஸ்டேஷன் பின்புறம் வேப்பமர நிழலில் வண்டி நின்றது. வடிவு அதைச் சுற்றி வந்தாள். அழகான வண்டிதான், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எழுபதுகளின் புல்லட் இன்ஜின். மற்றதெல்லாம் கையால் வளைத்து, வெட்டி, பற்றவைத்தது. பெயிண்ட் மட்டும் பத்துக் கோட்டிங் இருக்கும். பின் மட்கார்டில் ஒரு பித்தளைத் தகடு. 'கட்டியவர்: கிளாட்வின்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. தகட்டின் நான்கு ரிவெட்டுகளையும் சுற்றிப் பெயிண்ட் பொரிந்து சில்லு சில்லாகப் போயிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு துளை போட்டிருக்கிறார்கள்.

பிரேக் பிடித்தது. சக்கரம் சுற்றியது. சாவி ஆனில் இருந்தது. டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல். அதன் அடியில் பெட்ரோல் டேப்பைத் தேடினாள். இல்லை.

"நாங்களும் தேடுனோம் மேடம். அதுல டேப்பே கிடையாது" என்றான் கான்ஸ்டபிள் பேச்சிராஜா.

டேப் இல்லாத பழைய புல்லட்டை வடிவு பார்த்ததில்லை. கார்புரேட்டரில் இருந்து கிளம்பும் ரப்பர் டியூபை விரலால் தடவிக்கொண்டே போனாள். அது சட்டத்தின் உட்புறமாக ஏறி, இருக்கைக்கு அடியில் போய், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கில் முடிந்தது. விரல் நுனியில் சின்னதாக ஒரு பித்தளைக் காது தட்டுப்பட்டது. மீன்பிடி வள்ளத்து இன்ஜினில் போடும் டேப்.

அது மூடியிருந்தது.

வடிவு டேப்பைத் தன் செல்போனில் படம் எடுத்தாள். யாருக்கும் காட்டாமல் போனைப் பைக்குள் போட்டாள்.

மதியம் 12.15.

வண்டிக்குச் சொந்தக்காரன் அபிலாஷ் வந்தான். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்தும் குடும்பம். முந்தின வாரம் கிளாட்வினைக் கொன்றுவிடுவேன் என்று போனில் மிரட்டியவன் என்பதால் செந்தூர்வேல் அவனை உட்கார வைத்திருந்தார்.

"கோபத்துல சொன்னேன். வண்டி முடிஞ்சும் தர மாட்டேங்கான். கண்காட்சி முடிஞ்சுதான் தருவேங்கான்."

"நீங்க ஓட்டிப் பாத்திருக்கீங்களா?" என்றாள் வடிவு.

"எங்க ஓட்ட விட்டான்? பெட்ரோல் டேப் எங்க இருக்குன்னுகூட காட்டல. திருட்டுப் போகாம இருக்க ஒளிச்சு வச்சிருக்கானாம். டெலிவரி அன்னைக்குத்தான் காட்டுவானாம். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு பெருமையடிப்பான்."

மதியம் 1.30.

திரேஸ்புரத்துப் பட்டறைக்கு வடிவு தனியாகப் போனாள். அறுத்த சட்டங்கள் கூரையில் இருந்து தொங்கின. சுவரில் பெயிண்டால் எழுதியிருந்தது: 'பீடி வெளியே. வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்று. வண்டி ஏற்றும் முன் டேப்பை மூடு.' வாசலில் நின்ற 'குட்டியானை' லோடு வண்டியின் தொட்டி கழுவிவிட்டு இன்னும் ஈரமாக இருந்தது.

ரெக்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். கண்கள் சிவந்திருந்தன. அழுதிருக்கிறான், அது நடிப்பில்லை.

"பார்ட்னர் செத்த அன்னைக்கு வண்டி கழுவுதீங்களே" என்றாள் வடிவு.

"சனிக்கிழமை தின்னர் கொட்டிருச்சு மேடம். கைவேலையா இருந்தா யோசனை வராதுன்னு கழுவுனேன்."

"எத்தன வருஷமா கூட இருக்கீங்க?"

"பதினொரு வருஷம்."

"அந்த வெள்ளை வண்டியில உங்க வேலை எது?"

"நான் பெயிண்ட் அடிக்கவன். அவ்வளவுதான். இன்ஜின், டேங்க், பைப்பு எல்லாம் அண்ணன்தான். அந்தப் பக்கம் என்னக் கைவைக்க விடமாட்டாவ."

"மட்கார்டுல தகடு அடிச்சது?"

அவன் கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் ஓடியது. "அண்ணன்தான். நேத்து சாயங்காலம்."

"பெயிண்ட் எல்லாம் பொரிஞ்சு கெடக்கு."

"ஆமா" என்றான் ரெக்ஸ்.

புறப்படும்போது வடிவு சாதாரணமாகச் சொன்னாள்: "வண்டிய எங்க ஆபீசுக்குக் கொண்டு போகணும். எங்க ஆளுகளுக்கு அத ஏத்தத் தெரியாது. நாலு மணிக்கு வந்து ஏத்திக் குடுப்பீங்களா?"

"வாரேன் மேடம்."

மாலை 4.00.

ஸ்டேஷன் பின்புறம் ரெக்ஸின் குட்டியானை வந்து நின்றது. சரிவாகப் பலகை போட்டார்கள். அதற்கு முன்பே வடிவு வண்டிக்கு அருகில் போய்க் குனிந்து எழுந்ததை செந்தூர்வேல் பார்த்தார், புரியவில்லை. "நீங்க என் பக்கத்துல நில்லுங்க. அவன் கையை மட்டும் பாருங்க" என்று அவர் காதில் சொன்னாள்.

ரெக்ஸ் வண்டியிடம் வந்தான். மட்கார்டின் பொரிந்த இடத்தை ஒரு தடவை தடவினான். வலது கையால் ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தினான். "பின்னால ரெண்டு பேர் பிடிங்க" என்று பேச்சிராஜாவிடம் சொல்லிக்கொண்டே, இடது கையை இருக்கைக்கு அடியில் விட்டான். பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போனது, கால்வட்டம் திருப்பியது, வெளியே வந்தது.

"தள்ளுங்க" என்றான்.

யாரும் தள்ளவில்லை.

"இப்ப என்ன செஞ்சீங்க ரெக்ஸ்?" என்றாள் வடிவு.

அவன் தன் இடது கையைப் பார்த்தான்.

"என்ன செஞ்சான்?" என்றார் செந்தூர்வேல்.

"பெட்ரோல் டேப்ப மூடினாரு. காலையில நான் பாக்கும்போதும் மூடித்தான் இருந்துச்சு சார். மூடின டேப்போட புல்லட் ஒரு கிலோமீட்டர் தாண்டாது, கார்புரேட்டர்ல கெடக்குத பெட்ரோல் தீந்ததும் நின்னுரும். திரேஸ்புரத்துல இருந்து அந்த உப்பளம் பன்னிரண்டு கிலோமீட்டர். அப்ப வண்டி ஓடி வரல. அதான் சைலன்சர் சுடல. டேப் திறந்த வண்டி சாஞ்சு கெடந்தா பெட்ரோல் ஒழுகி நாறியிருக்கும். மாசானத்துக்கு அந்த வாசமே வரல."

"விழுந்த பிறகு யாராவது மூடியிருந்தா?"

"யாரு? உங்க ஆளுக தேடியே கிடைக்கல. அபிலாஷுக்கு இடமே தெரியாது. கிளாட்வின் செத்துட்டாரு. வண்டிய இன்னொரு வண்டியில ஏத்திக் கொண்டு வந்து போட்டிருக்காங்க. ஏத்துமுன்ன டேப்ப மூடணும்ங்கது இந்தப் பட்டறைச் சட்டம், சுவத்துலேயே எழுதியிருக்கு. பதினொரு வருஷப் பழக்கம். இறக்கிப் போட்ட பிறகு திறக்க மறந்துட்டாரு. இப்ப கொஞ்சம் முந்தி நான்தான் குனிஞ்சு திறந்து வச்சேன். திரும்பவும் மூடினாரு. பைப்பு பக்கம் கைவைக்க விடமாட்டாங்கன்னு சொன்னவரு."

செந்தூர்வேல் குட்டியானையின் தொட்டியைப் பார்த்தார். பேச்சிராஜா சொல்லாமலேயே அதன் சாவியைப் போய் எடுத்தான்.

ரெக்ஸ் மெதுவாகப் பலகையில் உட்கார்ந்தான்.

"கோவாவுக்கு என் பேரும் வரும்னு ஆறு மாசமா சொன்னாரு" என்றான். "நேத்து தகட்டக் கொண்டு வந்து, அடிச்சு முடிச்ச பெயிண்ட்டுல துளை போட்டாரு. என் பேரு எங்கண்ணேன்னு கேட்டேன். பெயிண்டர் பேர எவன்லே பாப்பான்னு சிரிச்சாரு. பெஞ்சுல ஃபோர்க் பைப் கெடந்துச்சு. ஒரே அடி."

உள்ளே ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது. மாசானத்திடம் சட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் பெயிண்டர் இல்ல மேடம்" என்றான் ரெக்ஸ். "அந்த ஃபோர்க்க நீட்டுனது நான். டேங்க வளச்சது நான். டேப்ப அந்த இடுக்குல ஒளிச்சு வச்சதே நான்தான். எங்க மாமா வள்ளத்துல இருந்து கழத்துனது. அண்ணனுக்கு அது இருக்க இடத்த நான்தான் காட்டிக் குடுத்தேன். இதையும் ரிப்போர்ட்ல எழுதுவீங்களா?"



மாலை 5.10.

ஸ்டேஷன் மேசையில் உட்கார்ந்து அவள் படிவத்தை நிரப்பினாள். பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங். லாரியால் இடிபட்ட தடயம் இல்லை. பெட்ரோல் டேப் மூடிய நிலை. வாகனம் சம்பவ இடத்துக்கு ஓடி வரவில்லை. வாசலில் மாசானம் மனைவியோடு நின்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் தலையசைத்தாள்.

வண்டியைக் கட்டியவர் யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை. பேனாவை மூடப் போனவள், கடைசியில் 'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதினாள்.

'இவ்வாகனத்தையும் அதன் மறைவான டேப்பையும் வடிவமைத்துக் கட்டியவர் ரெக்ஸ்.'

அவன் கேட்டது அதில் இருந்தது. கோர்ட்டில் அவனுக்கு எதிராக முதலில் வாசிக்கப்போவதும் அந்த வரியைத்தான். வடிவு கையெழுத்துப் போட்டு, அலுவலக முத்திரையை அழுத்தி வைத்தாள்.