மூன்றாவது வாய்

முதல் மரத்தில் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஜெர்வே மூச்சு வாங்க நின்று பார்த்தார். குளிர்காலம் முழுக்க அணில்கள் கடித்துத் துண்டாக்கிய மேல்மலைக் குழாய்களை மாற்றத்தான் காலையிலிருந்து ஏறி வந்திருந்தார். ஆனால் மேப்பிள் மரத்திலிருந்து, பாகு காய்ச்சுவதற்கான சாற்றை இறக்கும் சிறு குழாய் பெரிய குழாயோடு சேரும் இடத்தில் புத்தம்புது இணைப்பு ஒன்று உட்கார்ந்திருந்தது. மூன்று வாய் கொண்டது, பச்சை நிறம். போன வருஷம் வரை அவர் வாங்கியதெல்லாம் கறுப்பு. பச்சை வந்தது இந்த வியாழக்கிழமைதான்.

வயசாகிவிட்டது, நேற்றே வந்து மாட்டிவிட்டு மறந்திருக்கிறோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மறதியைப் போல வசதியான சமாதானம் வேறு ஏது? அடுத்த மரத்துக்கு நடந்தார். அங்கேயும் பச்சை. அதற்கடுத்ததிலும். தோள்பையைத் திறக்கும் வேலையே அவருக்கு வரவில்லை.

ஐந்தாவது மரத்தில் கையுறையைக் கழற்றி இணைப்பைத் தடவிப் பார்த்தார். குழாயின் முனையில் பல் தடம் பதிந்திருந்தது. அணிலின் பல் ஊசிபோல் இறங்கும். இது அகலமான தடம், மேல்வரிசையில் ஓரிடத்தில் சின்ன இடைவெளி.

ஜெர்வே சுற்றும்முற்றும் பார்த்தார். வெள்ளை வெளேரென்று பனி. அதில் அவருடைய பனிக்காலணியின் தடங்கள் மட்டும்.

குளிரில் குழாய் குச்சிபோல் விறைத்துவிடும். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோய் முனையை நனைத்து இளக்கினால்தான் இணைப்பில் ஏறும். மனைவி சொலாஞ்சுக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. முனையை வாயில் போட்டு நாலு கடி கடித்து, இளகியதும் ஒரே அழுத்தாக அழுத்திவிடுவாள். "வீட்ல ஒரு அணில், காட்ல ஒரு அணில். நான் எதைத் துரத்தறது?" என்று இவர் கேலி செய்வார். "துரத்திப் பாரேன், யாரு உனக்கு சூப்பு வைக்கறான்னு பாக்கலாம்" என்பாள் அவள், முன்பல் உடைந்த வாயால் சிரித்தபடி.

போன மார்ச்சில், சாற்றை உறிஞ்சி இழுக்கும் பம்பு ஓடிக்கொண்டிருந்த ஒரு பகலில், வாக்கி-டாக்கியில் அவள் சொன்னாள்: "மேல எங்கியோ காத்து போகுது. சத்தம் நல்லாக் கேக்குது." அப்போது கீழே கேபினில் பம்பின் இழுவிசை காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தான். பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. திரும்பி வா என்று சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் அடைச்சிட்டு வா, ஊசி இறங்குது" என்று சொன்னார். அவள் திரும்பவில்லை. நாய்களோடு தேடினார்கள், பனி உருகிய பிறகும் தேடினார்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. ஒரு வருஷமாக மேசையில் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறார்.

வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினார். "மரீஸ், மேல யாரையாவது அனுப்பினியா?"

கெபெக் நகரத்திலிருந்து ஒரு வாரம் லீவு போட்டு உதவிக்கு வந்திருந்த மகள் சிரித்தாள். "யாரு இருக்கா அனுப்ப? இவோன் மாமா முட்டி வலின்னு கட்டில்ல கெடக்கறாரு. ஏன்ப்பா?"

"ஒண்ணுமில்ல. பம்பைப் போடு. இங்க எல்லாம் மாட்டியாச்சு."



பள்ளத்தில் பம்பு உறுமியது. மரத்துக்கு மரம் கட்டியிருந்த குழாய்கள் லேசாக அதிர்ந்தன. கொஞ்ச நேரத்தில் மரீஸின் குரல்: "பாதிக்கு மேல ஊசி ஏற மாட்டேங்குதுப்பா. எங்கியோ காத்து போகுது."

அவருக்கும் கேட்டது. ஸ்ஸ்ஸ் என்று, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல. மேலே, இன்னும் மேலே.

அப்படியே இறங்கிப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பல் தடத்தைத் தொட்ட விரலில் வெதுவெதுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பயம் ஒரு பக்கம் இழுத்தது. ஒரு வருஷத் தனிமை இன்னொரு பக்கம் இழுத்தது. தனிமைதான் ஜெயித்தது. குழாயைப் பிடித்துக்கொண்டே ஏறினார்.

மதிய வெயிலில் கசிந்த சாறு குழாய்க்குள் மெலிதாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் காற்றுக்குமிழிகள். பம்பை நோக்கிக் கீழே ஓட வேண்டிய குமிழிகள். அவருடைய கையைத் தாண்டி, மலைமேல் போய்க்கொண்டிருந்தன.

அவருடைய கடைசி மேப்பிள் வந்தது. குழாய் அங்கே முடிய வேண்டும். முடியவில்லை. எல்லைக் கல்லைத் தாண்டி, ஒரு மேப்பிள்கூட இல்லாத ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்து போயிற்று. உள்ளே பிசின் வாசனை. அதற்கடியில் ஈரக் கம்பளி வாசனை. பகல் மூன்று மணிதான், ஆனாலும் கிளைகளுக்குக் கீழே வெளிச்சம் சாம்பல் பூத்திருந்தது.

"அப்பா." மரீஸின் குரல் மாறியிருந்தது. "பம்பை அணைச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஊசி இறங்கல."

"என்ன?"

"அணைச்சாச்சுப்பா. ஆனாலும் ஏதோ இழுத்துக்கிட்டே இருக்கு."

ஒரு அடி வைத்தார். பனி விட்டுக்கொடுத்தது.

ஊசியிலை மரத்தைச் சுற்றி, கிளைகள் மறைத்த குழியில் மார்பு வரை இறங்கிப்போனார். பனிக்காலணிகள் அடியில் எங்கோ சிக்கிக்கொண்டன. எம்பினார். இன்னும் இறங்கினார். கையை ஊன்றும் இடமெல்லாம் மாவாய் உதிர்ந்தது.

முகத்துக்கு நேரே ஒரு பச்சை இணைப்பு தொங்கியது. ஒரு வாய் மலையிறங்கும் குழாயில். ஒரு வாயிலிருந்து குட்டைக் குழாய் ஒன்று எதிரே பனிச்சுவருக்குள் போனது. மூன்றாவது வாய் திறந்திருந்தது. சத்தம் அதிலிருந்துதான்.

பனிச்சுவரில் குழாய் நுழையுமிடம் நீலமாக இருந்தது. உற்றுப் பார்த்தார். உதடுகள்.

"சொலாஞ்ச்" என்றார்.

பனிக்குள் கன்னம் இருக்க வேண்டிய இடம் உள்ளே குழிந்தது. உறிஞ்சியது. குமிழிகள் வரிசையாக அந்த உதடுகளுக்குள் போயின.

"ஊசி மறுபடி ஆடுதுப்பா. கேக்குதா?"

"வராத! மரீஸ், மேல வராதம்மா!"

"உங்க குரல் வரலப்பா. ஸ்ஸ்ஸ்னு மட்டும்தான் கேக்குது. எங்க இருக்கீங்க? இருங்க, அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே நான் வந்துடறேன்."

வாக்கி-டாக்கியில் கேபின் கதவு கிறீச்சிட்டது. பனியில் நறுக், நறுக்கென்று காலடி.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு. அம்மா வந்ததுபோல. அப்பா வந்ததுபோல.

அடைக்க வேண்டும். தோள்பையைக் கிழிக்காத குறையாகத் திறந்தார். ஃபிளாஸ்க் இருந்தது, வெந்நீர் ஆறிப்போயிருந்தது. பச்சை இணைப்பு ஒன்றுகூட இல்லை, அடைப்பான் இல்லை. எல்லாம் எடுத்து மாட்டப்பட்டிருந்தது. கட்டைவிரலை வைத்தார். விறைத்த விரல் வழுக்கியது. ஸ்ஸ்ஸ். குழாயை மடக்கப் பார்த்தார். கைக்கு வளையவில்லை.

நறுக். நறுக். "சத்தம் இப்ப நல்லாக் கேக்குதுப்பா!"

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, அந்த மூன்றாவது வாய் எந்த உயரத்தில் தொங்குகிறது என்று.

ஜெர்வே கண்ணை மூடிக்கொண்டு அதை வாயில் வைத்தார். பல்லால் அழுத்தினார். உதடுகளைச் சுற்றி இறுக்கினார்.

சத்தம் நின்றது.

காலடியும் நின்றது.

"அப்பா? அடைச்சிட்டீங்களா?" அவள் திரும்பி ஓடினாள். கதவு. பிறகு அவளுடைய சிரிப்பு. "ஊசி முழுசா ஏறிடுச்சு! நான் வரல, நீங்க வாங்க. பட்டாணி சூப்பு கொதிக்குது. ரெண்டு கிண்ணம் எடுத்து வச்சிட்டேன்."

வாயை எடுக்கப் பார்த்தார். வரவில்லை.

எதிர்முனையில் யாரோ மெதுவாக, அவசரமே இல்லாமல், இழுக்க ஆரம்பித்தார்கள். பனிச்சுவரில் அந்த நீல உதடுகள் குழாயை விடாமல் விரிந்தன. உடைந்த பல்லின் இடைவெளி தெரிந்தது. அவருடைய மூச்சு குமிழி குமிழியாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.