இருமும் ஓநாய்

சிறுமி பெகிமாய்க்குத் தலை சுற்றியது. வசந்தத்தில் தொலைநோக்கியில் பார்த்தபோது ஒரே ஒரு ஓநாய்க் குடும்பமும் சில குட்டிகளும்தான் இருந்தன. இப்போது அப்பாவின் கணக்கில் மேட்டுக்கு மேடு ஓநாயா?

அப்பாவும் சித்தப்பாவும் வனக்காவலர்கள். மாலையில் ஆளுக்கொரு மேட்டில் நின்று ஓநாய் போல ஊளையிடுவார்கள். பதில் வரும் குரல்களை எண்ணுவார்கள்.

"இப்படிப் பெருகினா மேலதிகாரிங்க வேட்டைக்காரங்கள வரச் சொல்லிடுவாங்க" என்றார் அப்பா.

பெகிமாய் பதறினாள். அந்தக் குட்டிகள் என்ன ஆகும்?

சித்தப்பாவின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது; யார் எந்த மேட்டுக்குப் போகிறார் என்பதுகூட ஒருவருக்கொருவர் தெரியாது. கோடையில் குதிரையேறி, செத்த ஆட்டின் உடலைப் போட்டிபோட்டுப் பறிக்கும் பந்தயம் நடந்தது. ஆட்டை முதலில் பிடித்தது யார் என்று வந்த சண்டை இன்னும் ஓயவில்லை.

மறுநாள் அவளும் அப்பாவோடு மேடேறினாள். அப்பா ஊளையிட்டார். எதிர்மேட்டிலிருந்து உடனே பதில் வந்தது. ஊளை முடிந்ததும் ஓர் இருமல்.

"அப்பா, ஓநாய் இருமுமா?"

"குளிர்ல சளி பிடிச்சிருக்கும். எழுதிக்கோ, இன்னொன்னு."

அடுத்த நாள் சித்தப்பாவோடு போனாள். ஊளையிட்டுவிட்டு அவர் லொக்கு லொக்கென்று இருமினார். எதிரிலிருந்து ஊளை வந்தது. பின்னாலேயே ஒரு பெரிய தும்மல்.

"கேட்டியா கண்ணு? அந்தத் தடியன் ஓநாய் தினமும் தும்முறான்!" என்றார் சித்தப்பா.

பெகிமாய் திருதிருவென விழித்தாள். அந்தத் தும்மலை அவள் வீட்டிலேயே தினமும் கேட்கிறாளே!

மறுநாள் இருவரிடமும் தனித்தனியாக, "ஒரு வினோத ஓநாயைக் காட்டுறேன், வாங்க" என்று சொல்லி ஒரே பாறைக்கு வரவழைத்தாள். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இப்ப ஊளையிடுங்க."

அப்பா ஊளையிட்டார். எதிர்மேட்டில் சத்தமே இல்லை. அப்பா தும்மினார். பக்கத்தில் சித்தப்பா இருமினார்.

அப்பா மெல்லத் திரும்பினார். "டேய்... அது நீயா?"

"அட! அந்தத் தடியன் நீங்களா அண்ணே?"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்போது கீழே பள்ளத்தாக்கிலிருந்து நிஜ ஊளை எழுந்தது. நடுநடுவே கீச்சுக் குரல்களும் கேட்டன. ஒரே குடும்பம்தான்! பெகிமாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சித்தப்பா புளித்த குதிரைப்பால் கிண்ணத்தை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார்.

"ஆனாலும் அந்த ஆட்டை முதல்ல பிடிச்சது..."

"உஷ்! பெரிய ஓநாய்ங்க ரெண்டும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் பெகிமாய். "நான் எண்ணணும்."