லண்டனுக்கு ஒரு ராஜினாமா!

போன் அலறியது!

சார்ஜன் கார்த்திகேசு பேனாவைக் கீழே வைத்தார்.

மலேசியா, ஈப்போ நகரம், அப்துல் நாசர் கடை, மூலை மேசை. ஆறிப்போன தே தாரிக் தேநீர். அதன் பக்கத்தில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

ராஜினாமாக் கடிதம்!

எட்டு மாதமாக அவர் சட்டைப் பையில் குடியிருக்கிறது. எல்லாம் எழுதியாகிவிட்டது... தேதி மட்டும்தான் பாக்கி. இருபத்தாறு வருஷ சேவையில் மூன்று முறை பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. மூன்று முறையும் அவர் பெயர் வழியிலேயே எங்கேயோ இறங்கிக்கொண்டது.

இன்றைக்குத் தேதி போட்டுவிடுவது என்று பேனாவை எடுத்தார். போன் அடிக்கிறது. போன மாதமும் இப்படித்தான். அப்போது ஒரு மலைப்பாம்பு.

"அண்ணே!" மறுமுனையில் கார்ப்பரல் அஸ்வான். "ஸ்கந்தராஜா ஐயா வீட்டுல நிக்கிறேன். அவரு மகளைக் காணோம்!"

"எந்த மகள்?"

"லண்டன்ல பெரிய பதவி குடுத்தாங்களே, சிவாஜினி! அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு போன வாரம்தான் வந்தாங்க. கேட் கிட்ட உடைஞ்ச மூக்குக் கண்ணாடி கெடக்கு. பக்கத்துல... ரத்தம், அண்ணே!"

கார்த்திகேசு காகிதத்தை மடித்துப் பையில் திணித்தார்.

கல்லாவிலிருந்து நாசர் எட்டிப் பார்த்தார். "என்னா சார்ஜன், இன்னிக்கும் தேதி போடலயா?"

"நாளைக்கு, பாய்!"

"அந்தம்மாவப் பாருங்க. பதவிக்கு வந்து மூணே வாரம்தான், நேத்து ராத்திரி ராஜினாமாவாம். காலையிலயே செய்தி வந்துருச்சு. லண்டன்ல இப்பல்லாம் அப்படித்தான், திங்கக்கெழம நியமனம், வெள்ளிக்கெழம ராஜினாமா. என் ரொட்டிகூட அவ்ளோ சுருக்கா திரும்பாது லா!"

கார்த்திகேசு நின்றார்.

நேற்று ராத்திரி ராஜினாமா. இன்று ஆளைக் காணோம்!

அவர் ஓடினார்.

மணி 2:10.

ஸ்கந்தராஜா. வயது எண்பத்து நான்கு, பேச்சு யாழ்ப்பாணத் தமிழ். நில அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டு. மறு கண்ணும் பாதிப் பார்வைதான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, என்ரை பிள்ளை சொல்லாமல் ஒரு இடமும் போகாது. விடிய ஆறு மணிக்கு முன் வாசலிலை அவள் சத்தம் கேட்டது. நான் பின்னுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தனான். வந்து பார்த்தால்... ஆள் இல்லை! பொறுத்துப் பாப்பம் எண்டு ரஜீவ்தான் மத்தியானம் வரைக்கும் போலீசைக் கூப்பிட விடேல்லை."

பக்கத்தில் மகன் ரஜீவ். நாற்பத்தெட்டு வயது. வீடுகள் கட்டி விற்பவன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, வெள்ளைப் பல். வலது கட்டை விரலில் மட்டும் பிளாஸ்திரி.

"சார்ஜன், சும்மா பெருசாக்காதீங்க லா. அக்கா ராஜினாமா பண்ணிட்டா. மனசு சரியில்லாம எங்கயாச்சும் போயிருப்பா. பொழுது சாஞ்சா வந்துருவா."

"விரல்ல என்ன?"

"டுரியான் பழம் வெட்டுனேன். முள்ளு குத்திருச்சு."

அக்டோபர் மாதம். டுரியான் சீசன் முடிந்து ரெண்டு மாதம் ஆகிறது. கார்த்திகேசு மூளையின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார். அங்கே இடம் நிறைய இருந்தது.

"அக்காவுக்கு லண்டன்ல என்ன வேலை?"

ரஜீவ் வாயைத் திறக்குமுன் பெரியவர் பதில் சொன்னார்.

"காலனி ஆவண வாரியத்துக்குத் தலைவி. அந்தக் காலத்திலை வெள்ளைக்காரன் பூட்டி வச்ச பெட்டியளைத் திறக்கிற அதிகாரம். இண்டைக்கு முதல் கூட்டம். லண்டனிலை காலமை ஒன்பது, எங்களுக்கு நாலு மணி. இங்கை இருந்தே வீடியோவிலை நடத்திறன் எண்டு சொன்னவள்."

"இன்னைக்கு எந்தப் பெட்டி?"

"பத்து காஜா ஊர்ப் பக்கம் ஹார்ட்வெல் தோட்டம் இருக்கெல்லே..."

கார்த்திகேசு நிமிர்ந்தார்.

ஹார்ட்வெல்! ரப்பர் போய்ப் பத்து வருஷமாயிற்று. மிச்சமிருப்பது தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய நாற்பத்திரண்டு லயத்து வீடுகளும், அவற்றை விட்டு நகர மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கும் சனங்களும்தான். 1956-ல் வெள்ளைக்கார அரசாங்கமே லயத்து மண்ணைத் தொழிலாளிகளுக்கு எழுதிக் கொடுத்தது என்பது அவர்கள் வாதம். தாள் எங்கே என்று கோர்ட் கேட்டது. லண்டன் பெட்டியில் என்றார்கள். திங்கட்கிழமை வீடுகளை இடிக்க உத்தரவு!

இடிக்கப்போகும் கம்பெனியில் பங்காளி யார்?

வெள்ளைச் செருப்பு!

"கூட்டத்துல தலைவி இல்லன்னா?" கார்த்திகேசு கேட்டார்.

"பெட்டியைத் திறக்கேலாது. மூண்டு மாசம் தள்ளிப் போகும்."

மூன்று மாதம் கழித்துத் தாள் வந்தால் எதில் ஒட்டுவது? வீடே இருக்காதே!

மணி 2:40.

"அண்ணே, கடிதத்தோட மொதப் பக்கத்த அந்த வாரியமே இணையத்துல போட்டிருக்கு." அஸ்வான் போனை நீட்டினான். "அந்தம்மா ஈமெயில்ல இருந்துதான் போயிருக்கு. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு."

கார்த்திகேசு படித்தார்.

கண்களைக் கசக்கிக்கொண்டு மறுபடி படித்தார்.

என்னமோ இடித்தது. லண்டனுக்குப் போன ஆங்கிலக் கடிதம். ஆனால் தலைப்பு பெரிய எழுத்தில், அடிக்கோட்டோடு. முதல் பத்திக்கு எண் இல்லை. இரண்டாவது பத்தி '2.' என்று தொடங்குகிறது!

லண்டனில் எவன் இப்படி எழுதுவான்? நம் ஊர் அரசாங்க ஆபிஸ்களில் மட்டும்தான் கடிதத்துக்கு இந்த யூனிஃபார்ம். அவர் சட்டைப் பைக்குள் இருக்கும் கடிதமும் அதே ஜாதிதான்!

"அஸ்வான்... இது லண்டன்காரங்க கடிதம் இல்ல லா. இங்க பொறந்து, இங்க வளந்து, லண்டனுக்கு டூர் போன கடிதம்!"

ரஜீவின் வெள்ளைப் பல் மறைந்தது.

"ஐயா, நீங்க இதப் பாத்தீங்களா?"

"கண்ணைக் கட்டி வச்சிருக்கிறாங்கள் தம்பி, எங்கை பார்க்கிறது? நீங்கள் வாசியுங்கோ."

கார்த்திகேசு ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார். மேற்கண்ட விஷயம் தொடர்பாக, என் பொறுப்பிலிருந்து விலக விரும்புவதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்...

மூச்சு வாங்க நிறுத்தினார்.

பெரியவரின் உதடுகள் அசைந்தன, அதே ஆங்கிலத்தில்.

"ரெண்டாம் பந்தி. சொந்தக் காரணங்களாலும், குடும்பப் பொறுப்புகளாலும், என்னால் முழுக் கவனம் செலுத்த இயலாத நிலை..."

கார்த்திகேசு திரையைப் பார்த்தார்.

ஒரு சொல் பிசகவில்லை!

"ஐயா... இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏன் தெரியாது? நான்தானே எழுதினனான்!" பெரியவர் முகத்தில் பெருமை. "போன மாசம் ரஜீவ் வந்து, கோயில் கமிட்டியிலை இருந்து விலகப் போறன், வடிவா ஒரு கடிதம் எழுதித் தாங்கோ எண்டான். அதின்ரை மூண்டாம் பந்திதான்..."

சட்டென்று நின்றார்.

கட்டில்லாத கண் மெல்ல மகன் இருந்த திசைக்குத் திரும்பியது.

"ரஜீவ்... என்ரை கடிதம் எப்பிடி லண்டனுக்குப் போனது?"

ரஜீவ் பிளாஸ்திரி விரலைப் பைக்குள் மறைத்தான்.

"அப்பாவுக்கு வயசாச்சு, சார்ஜன். ஒளறுறாரு." ரஜீவ் எழுந்தான். "என்னா ஆதாரம் இருக்கு? லாயர்கிட்ட பேசுங்க!"

மணி 2:55.

லாயர் வருவதற்குள் நாலு மணி தாண்டிவிடும். கார்த்திகேசுவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அறைக்குள் ரெண்டு முறை நடந்தார். திடீரென்று போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ... யாரு, ஹார்ட்வெல் சன்னாசி அண்ணனா? என்னது? மெஷின் இன்னிக்கே வந்துருச்சா? திங்கக்கெழமதானே சொன்னாங்க! எல்லாத்தையும் தள்றானா? பழைய கட்டடத்துல இருந்து ஆரம்பிக்கிறானா...?"

"நிறுத்தச் சொல்லுங்க!"

வீடே அதிர்ந்தது. கத்தியது ரஜீவ்!

"ஸ்மோக் ஹவுஸைத் தொட வேணாம்னு சொல்லுங்க! உள்ள அக்கா இருக்கா! ஐயோ... உள்ள அக்கா இருக்கா!"

கார்த்திகேசு போனைக் காதிலிருந்து எடுத்தார். கறுப்புத் திரை. காலையிலிருந்து கடையில் உட்கார்ந்து மலைப்பாம்பு வீடியோ பார்த்ததில், அஸ்வான் பேசி முடித்ததுமே அது உயிரை விட்டிருந்தது.

"நன்றி தம்பி," என்றார். "அஸ்வான், இவனையும் ஏத்திக்கிட்டு காரை எடு!"

"நானும் வாறன்," என்றார் பெரியவர்.

"ஐயா, நீங்க ஓய்வு..."

"தம்பி. மூண்டாம் பந்தி..."

"அப்புறம் ஐயா! மொதல்ல ஏறுங்க!"

மணி 3:35. ஹார்ட்வெல்.

இடிக்கும் இயந்திரம் செம்பனை மர நிழலில் சும்மா நின்றது. அதன் இரும்புக் கைக்குள் ஒரு நாய் தூங்கியது. அதைப் பார்த்த ரஜீவ் கார்த்திகேசுவைப் பார்த்தான். கார்த்திகேசு வானத்தைப் பார்த்தார்.

ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டுப் புகை போட்ட பழைய புகைக்கூடம். இரும்புக் கதவு. புதுப் பூட்டு!

"சன்னாசி அண்ணே! கடப்பாரை!"

லயத்துத் தலைவர் சன்னாசி ஓடி வந்தார். அறுபத்தைந்து வயது. ரப்பர்ப் பால் வெட்டிக் காய்த்த கை. ஒரே நெம்பு... பூட்டு தெறித்தது!

உள்ளே இருட்டு. புகையின் பழைய வாடை.

"யாரு?" பெண் குரல்.

சிவாஜினி வெளியே வந்தாள். முகமெல்லாம் கரி, கண்ணாடி இல்லை. கையில் ஒரு விறகுக் கட்டை!

"போலீஸ்மா! கட்டையக் கீழ போடுங்க!"

"தம்பி எங்க?"

அஸ்வான் பக்கத்தில் நின்ற உருவத்தை உற்றுப் பார்த்தாள். நேரே போனாள்.

பளார்!

"காலையில விரல்ல கடிச்சது பத்தல, சார்ஜன்," என்றாள். "செய்தியப் பாத்துட்டுக் கேட்டேன். வாயப் பொத்தி வண்டியில ஏத்திட்டான்."

ரஜீவ் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரித்தான். "அடிச்சுக்கோக்கா. ஒனக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு தண்ணி, பிஸ்கட்டு எல்லாம் வச்சேன். ஆனா எல்லாம் முடிஞ்சுருச்சு. நீ இப்ப தலைவி இல்ல! ராஜினாமா லண்டனுக்குப் போயிருச்சு. நீயே இல்லன்னு சொன்னாலும் அவங்க விசாரிச்சு முடிக்க ஒரு வாரம் ஆகும். திங்கக்கெழம மெஷின் ஓடும்!"

சிவாஜினியின் கையிலிருந்த கட்டை கீழே விழுந்தது. சன்னாசி அவள் முகத்தையும் லயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

மணி 3:48.

"மூண்டாம் பந்தி," என்றது ஒரு குரல்.

பெரியவர்! காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மத்தியானம் இருந்து சொல்லுறன், ஒருத்தரும் கேக்கிறியள் இல்லை. ரஜீவ், ரெண்டாம் பக்கத்தை வாசிச்சனியோ?"

ரஜீவ் விழித்தான். "பேரையும் பதவியையும் மட்டும்தான் மாத்துனேன்..."

"அப்பிடியெண்டால் கேள். மூண்டு. பொறுப்பில் வெற்றிடம் ஏற்படாதிருக்க, இதற்கு அடுத்து நடைபெறும் கூட்டம் முடியும் வரை நானே முழு அதிகாரத்துடன் தலைமை வகிப்பேன். இத்துடன் முடிக்கிறேன், நன்றி." மூச்சு விட்டார். "முப்பத்து மூண்டு வருஷம் நில அலுவலகத்திலை இருந்தனான். பதவிக் கதிரையை அந்தரத்திலை விட்டுட்டுப் போற கடிதம் ஒண்டும் நான் எழுதினதில்லை."

சிவாஜினி தலை நிமிர்த்தினாள். "அடுத்த கூட்டம்... இன்னிக்கு நாலு மணிக்கு!"

ரஜீவின் பைக்குள் ஏதோ அதிர்ந்தது. அஸ்வான் கையை விட்டு எடுத்தான். அக்காவின் போன்! லண்டனிலிருந்து வாரியத்தின் செயலாளர்.

"அம்மையார்! உங்கள் முடிவு வருத்தம் தருகிறது. ஆனாலும் கடிதத்தில் உறுதியளித்தபடி இன்றைய கூட்டத்துக்கு நீங்கள் தலைமை தாங்குவீர்கள் அல்லவா?"

"பத்து நிமிஷத்துல வாரேன்!" என்று தமிழில் கத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினாள்.

ஆனால் வீடியோவுக்குச் சிக்னல் போதவில்லை! ஒரு கோடு... அரைக் கோடு...

"பெரட்டுக் களத்துக்கு வாங்கம்மா!" சன்னாசி ஓடினார். "அந்தக் காலத்துல ஆளுங்கள நிக்க வச்சுப் பேர் கூப்புட்ட எடம். அங்க மட்டும்தான் மூணு கோடு கெடைக்கும்!"

மணி 4:00.

பெரட்டுக் களத்தின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கரி முகத்தோடு பிரிட்டிஷ் வாரியத் தலைவி. பின்னால் நாற்பத்திரண்டு வீட்டுச் சனம், நாலு கோழி. அவள் போனைப் பிடித்துக்கொண்டு கார்த்திகேசு. கோழி ஒன்று அவர் பூட்ஸைக் கொத்தியது. அசையவில்லை.

"முதல் தீர்மானம்," என்றாள் சிவாஜினி. "பெட்டியைத் திறங்கள்."

லண்டனில் அரக்கு உடைந்தது. பழுப்புத் தாள் ஒன்று திரைக்கு வந்தது. கண்ணாடி இல்லாத அவளுக்கு எல்லாம் மங்கல். கார்த்திகேசுவே வாசித்தார். நில ஒப்படைப்பு, 1956. கோர்ட் கேட்ட அதே தாள்! கீழே வரிசையாகப் பெயர்கள்.

"ஏழாம் நம்பர் லயம்... அப்பாவு."

சன்னாசி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா," என்றார். "அது எங்கப்பா பேரு சார்ஜன். இன்னொரு வாட்டி வாசிங்க."

கார்த்திகேசு வாசித்தார். மூன்று முறை. தூசி கண்ணில் விழுந்துவிட்டதாக அஸ்வானிடம் சொன்னார். காற்றே இல்லை.

ரஜீவை வண்டியில் ஏற்றினார்கள். பெரியவர் மகன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கதவு சாத்துமுன், "விரலுக்கு மருந்து போடச் சொல்லுங்கோ," என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

"நேற்றைய கடிதம் நான் அனுப்பியதல்ல," என்று செயலாளரிடம் விளக்கிவிட்டு சிவாஜினி வந்தாள். "நான் எங்கயும் போகல அப்பா. பதவியிலதான் இருக்கேன்."

போனை அவளிடம் கொடுக்கக் குனிந்தார் கார்த்திகேசு. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் கீழே விழுந்தது. அவள் எடுத்தாள். கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தாள்.

"ராஜினாமாவா, சார்ஜன்? தேதியே இல்லையே."

"தாங்கோ பிள்ளை!" பெரியவர் கையை நீட்டினார். விரலால் தாளைத் தடவினார். "எத்தினை பந்தி? ரெண்டோ? இது என்ன கடிதம் தம்பி! பேசாமல் வீட்டை வாங்கோ. வடிவா மூண்டாம் பந்தியும் வச்சு நான் ஒண்டு எழுதித் தாறன்."

கார்த்திகேசு பதறிப்போய்க் காகிதத்தைப் பிடுங்கினார்.

"ஐயோ, வேணவே வேணாம் ஐயா! நீங்க எழுதிக் குடுத்தா, செத்த பிறகும் நான் டியூட்டிக்கு வரணும்!"