முதலில் பச்சைத் தண்ணீர்

தொட்டியில் முதலில் விழுந்தது பச்சைத் தண்ணீர்.

உடைமாற்றும் அறையிலிருந்து மொரியோ எட்டிப் பார்த்தான். செத்துப்போன மனைவி சயோவின் அக்கா ஃபுமி, தன் விடுதியின் மரத்தொட்டியில் பாதிக்குக் குளிர்ந்த நீரை விட்டுவிட்டு, மலை ஊற்றின் கொதிநீரை மொண்டு மொண்டு அதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். கந்தக வாடை மூக்கில் ஏறியது. ஊரில் எல்லோரும் வெந்நீரில்தான் தண்ணீரை விளாவுவார்கள். தண்ணீரில் வெந்நீரை ஊற்றுவது பிணத்தைக் குளிப்பாட்டும்போது மட்டும்தான்.

“அக்கா, முறை மாறிப்போச்சே?”

“அட, ஆமா! தங்கச்சி போனதுலேருந்து கைக்குப் புத்தியே இல்ல மாப்பிள்ளை. ஏன், பயமா? சயோ சொல்லுவா, எங்க வீட்டுக்காரர் டோக்கியோவுல புலி, வெந்நீரைப் பாத்தா பூனைக்குட்டின்னு.”

சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவனும் சிரித்துவைத்தான். நாளைக்குச் சயோவின் நினைவு நாள். வராமல் இருந்தால் ஊர் பேசும். வசந்தத்தில் அவனுக்கு மறுகல்யாணம் வேறு இருந்தது.

தொட்டியில் இறங்கினான். மேலே சூடு, காலடியில் சில்லென்றிருந்தது. பொழுது சாய்ந்து, சன்னல் காகிதத்தில் பனியின் நீல வெளிச்சம் படிந்திருக்க, கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம் மெத்தென்று கேட்டது. அன்றும் இதே சத்தம். சயோ இதே தொட்டியில் சூட்டில் மயங்கிச் செத்தாள் என்றுதான் ஊருக்குத் தெரியும். வெளித்தாழ்ப்பாளைப் போட்டவன், அவள் தன்னைக் கூப்பிடுவது நிற்கும்வரை பனிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவன், அவன் மட்டும்தான்.

போதும் என்று எழுந்து துவட்டி, பருத்தி அங்கியை உடுத்தினான். வலது பக்கம் உள்ளே, இடது பக்கம் மேலே. கச்சையை எடுக்கத் திரும்பி, குனிந்து பார்த்தான்.

வலது பக்கம் மேலே இருந்தது. சவத்துக்கு உடுத்துவதுபோல.

பிரித்து மறுபடி உடுத்தினான். துணி ஈரமாக இருந்தது. அவன் விரல்கள் ஈரமாக இல்லை.

மறுபடியும் வலது மேலே.

கதவுக்கு ஓடினான். இழுத்தான். விரலளவு திறந்தது. திரும்பவும் மூடிக்கொண்டது.

“அக்கா! கதவைத் திறங்க!”

“திறந்துதான் இருக்கு மாப்பிள்ளை.” குரல் கதவுக்கு மிக அருகில் கேட்டது. “தாழ்ப்பாளை நான் தொடவேயில்ல. உள்ளேருந்துல்ல பிடிச்சிருக்கா.”

“அக்கா, விளையாடாதீங்க…”

“ரெண்டு வருஷமா இந்தக் கதவுக்குப் பின்னாடி நின்னு உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்கா. அவ கூப்பிட்டப்போ நீங்க இந்த இடத்துலதானே நின்னீங்க? அதே இடத்துல நானும் நிக்கிறேன். கூப்பிடுங்க.”

கூப்பிட்டான். குரல் உடையும்வரை.

பனி சரிந்தது. மெத்தென்று.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. தண்ணீரில் ஊறிச் சுருங்கிய, வெளுத்த, சிறிய கைகள். முன்பெல்லாம் காலையில் அவனை அலுவலகத்துக்கு அனுப்பும்போது செய்வதுபோலவே, அவசரமில்லாமல், வலது மடிப்பை இடதின்மேல் கொண்டுவந்து படியவைத்தன. கச்சையை இறுக்கின. இன்னும் இறுக்கின. வெள்ளைத் துணி ஒன்றை அவன் முகத்தின்மேல் விரித்து, ஓரங்களைச் சரிசெய்தன.

பிறகு, தினமும் வாசலில் செய்வதுபோல், அவன் தோளில் இரண்டு தட்டு தட்டின.