கறுப்புப் பைக்குள் வேர்

விடிந்தும் விடியாததுமாக ஃபோன் அலறியது.

மறுமுனையில் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"மேடம், ஆதாரம் இல்லாம அந்த நிலத்துல ஒரு கடப்பாரைகூட போட விட மாட்டாங்க."

"இன்னிக்கு நான் அளந்து பாஸ் போட்டா நிலம் வனத்துறைக்குப் போயிடும் சார். அப்புறம் என் தம்பி கிடைக்கவே மாட்டான்."

"அப்ப ஃபெயில் போடுங்க. கம்பெனியே எல்லாத்தையும் கிளறிப் போட்டு மறுபடி நடும்."

"செடி செத்திருந்தாத்தானே ஃபெயில் போட முடியும்?"

பெருமூச்சு கேட்டது.

"சரி... நானும் வரேன். உங்க கூட அளக்குற டேப் பிடிக்கிற ஆளா."

தோண்டித் தீர்த்த சுரங்கம் அது. குழியை மூடி, மேலே நல்ல கறுப்பு மண்ணைப் பரப்பி, செடி வைத்திருந்தார்கள். அந்தப் பச்சை நிலைத்துவிட்டதா என்று அளந்து சொல்வது அவள் வேலை. அங்கே புல்டோசர் ஓட்டியவன் அவள் தம்பி. மேனேஜர் டீசல் திருடுகிறார் என்று அவளிடம் ஒரு நாள் சொன்னான். அடுத்த மழையில் ஆளையே காணோம்!

சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான் என்று கையை விரித்தார் மேனேஜர். புகார் கொடுத்தது அம்மா. அதனால், அளக்க வந்திருப்பவள் அவனுடைய அக்கா என்பது அவருக்குத் தெரியாது.

வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். எல்லாம் பச்சைப்பசேல் என்றார். ஒரு மூலையைக் காட்டி, அதை மட்டும் ஆள் வைக்காமல் தன் கையாலேயே நட்டதாகப் பெருமை அடித்துக்கொண்டார்.

டேப்காரர் கொட்டாவி விட்டார். நடிப்பில் குறை இல்லை.

அவள் சதுர இரும்புச் சட்டத்தை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்குப் பின்னால் எறிய வேண்டும். விழுந்த இடத்தில், சட்டத்துக்குள் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செடியை லேசாக இழுக்க வேண்டும். வேர் பிடித்திருந்தால் அசையாது.

எறிந்தாள்.

புல் அடர்த்தி. செடி அசையவில்லை.

பாஸ்.

இன்னொரு பக்கம் எறிந்தாள். அதுவும் பாஸ். எறியும்போதெல்லாம் செத்த செடியில் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். ஒன்றாவது சாகக் கூடாதா... நிலம் பிழைக்கப் பிழைக்க, அவள் செத்துக்கொண்டிருந்தாள். பொய்யாகக் குறைத்துப் போடவும் வழியில்லை. வேறொரு குழு வந்து சரிபார்க்கும்.

"இன்னும் என்ன மேடம்? கையெழுத்தைப் போட்டுட்டுக் கிளம்புங்க. வெயில் ஏறுது."

மேனேஜர் பேனாவை நீட்டினார்.

தம்பியின் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. அம்மா அதை எடுக்க விடுவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த வாசலை எப்படி மிதிப்பது?

அப்போதுதான் அது உறைத்தது.

அந்த மூலை!

தன் கையால் நட்டேன் என்று காட்டியவர் காலை முழுக்க அதைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தார். ஒரு தடவைகூட உள்ளே கால் வைக்கவில்லை.

பேனாவை வாங்கவில்லை. சட்டத்தைத் தூக்கினாள். கண்ணைத் திறந்து... குறி பார்த்து... எறிந்தாள்!

"கண்ணைத் திறந்துட்டு எறியறீங்களே மேடம். விதிமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

டீசல் திருடியவருக்கு விதிமுறை ஞாபகம் வந்துவிட்டது.

அவள் காதில் வாங்கவில்லை. சட்டத்துக்குள் நின்ற செடியைப் பிடித்து இழுத்தாள்.

கையோடு வந்தது!

அடியில், கிழிக்கப்படாத கறுப்பு நாற்றுப் பை.

அடுத்ததை இழுத்தாள். அதிலும் பை. செடி நட்டுப் பழகிய யாரும் பையை அறுக்காமல் மண்ணில் வைக்க மாட்டார்கள். செடி நடத் தெரியாத ஒருவர், அவசரத்தில், தனியாக நட்டிருக்கிறார்.

மேனேஜர் சிரிக்க முயன்றார். ஒரு மூலைதானே, ஆள் வைத்து மாற்றிவிடலாம் என்றார்.

அவள் மண்டியிட்டு, பை இருந்த குழியில் கையை விட்டாள். வந்தது கறுப்பு மண் இல்லை. மஞ்சள் மண். கந்தக நெடி மூக்கில் ஏறியது.

"இது சுரங்கத்தோட அடிமண். ரெண்டு ஆள் ஆழத்துல கிடக்க வேண்டியது. இதுல எதுவும் முளைக்காது. நீங்க தோண்டி மூடினதும் இந்த இடம் மட்டும் மொட்டையா நின்னிருக்கு. அதை மறைக்கத்தான் செடி வெச்சீங்க." கை மண்ணோடு எழுந்து நின்றாள். "என் தம்பியை எதுக்கு சார் இங்க புதைச்சீங்க?"

மேனேஜரின் முகம் வெளிறியது. ஜீப்பை நோக்கி ஓடினார்.

டேப் சர்ரென்று நீண்டு அவர் காலைச் சுற்றியது. குப்புற விழுந்தார்!

"நான் இன்ஸ்பெக்டர். எழுந்திரிக்க அவசரம் இல்ல. ஆதாரம் கிடைச்சாச்சு, தோண்ட ஆள் வருது."

மதியத்துக்குள் தம்பி கிடைத்தான். சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள். அவள் வாங்கிக் கொடுத்த சட்டை. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை நாள் தேக்கிய அழுகை அது.

விலங்கு மாட்டிய மேனேஜரை ஜீப்பில் ஏற்றிவிட்டு இன்ஸ்பெக்டர் அருகில் வந்தார். கையில் அந்தச் செடி.

"மேடம், பையை அறுக்காம நட்டா இது என்னாகும்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வெளிய வர வழி தெரியாம, வேர் உள்ளேயே சுத்திச் சுத்தி வந்து சாகும்."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அதே அளவுல எங்ககிட்ட ஒரு ரூம் காலியா இருக்கு சார். வாங்க, நட்டு வெக்கிறோம்."