ரப்பர் பால் பூசிய கால்கள்

கூடத்தில் வழுக்காத நாய் அந்த அறையில் மட்டும் வழுக்கியது. சத்தியபாயை எரிச்சலூட்டியது அதுதான். கூடத்திலும் மொசைக், அறையிலும் அதே மொசைக். ஒரே கொத்தனார் ஒரே வாரத்தில் போட்டுத் தேய்த்த தரை.

உயிருள்ள நாய் அல்ல அது. ஜப்பானில் வேலை பார்க்கும் மகன் ஜெனில், அந்த ஐப்பசியில் லீவுக்கு வந்த நண்பனிடம் கொடுத்தனுப்பிய எந்திர நாய். முயல் அளவு இருக்கும். முதுகிலுள்ள பொத்தானை அழுத்தினால் தலையைத் தூக்கிப் பார்க்கும், வாலை ஆட்டும், நாலு காலில் மெல்ல நடக்கும். "அப்பாவுக்கு நேரம் போகுமே அம்மா" என்று போனில் சொன்னான்.

அப்பா கனகதாஸ் மூன்று மாதமாக அந்த அறைக் கட்டிலில் கிடந்தார். ஒரு மத்தியானம் அதே அறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். பேச்சும் கால்களும் மீளவில்லை. தரையைத் துடைத்துவிட்டு ஈரத்தோடு விட்டது சத்தியபாய்தான் என்று அவருடைய தங்கை கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். அன்று தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சத்தியபாய்க்கு வாய் ஓய்ந்துவிட்டது.

அதனால் நாய் ஒவ்வொரு முறை சறுக்கி விழும்போதும், யாரோ தன்னையே குற்றம் சொல்வது போல அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாறசாலைப் பள்ளிக்கூடத்தின் லேபில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். உடைந்த தராசையும் ஓடாத மோட்டாரையும் சரியாக்கிய கை. நாயின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள். மொச்சைக் கொட்டை போல வழவழப்பான பிளாஸ்டிக். முதல் நாள் உப்புத்தாளால் உரசிச் சொரசொரப்பாக்கினாள். அறைக்குள் நாலு எட்டு வைத்தது, சறுக்கியது, விழுந்தது. மறுநாள் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் பசையால் ஒட்டினாள். அப்போதும் சறுக்கியது. இம்முறை தரையில் கறுப்புக் கோடுகள் விழுந்தன.

மண்ணெண்ணெய்த் துணியோடு துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். எல்லாக் கோடுகளும் ஒரே பக்கமாகப் போயிருந்தன. அறையின் கன்னிமூலைக்கு. நாய் வாசலைப் பார்த்து நடந்தபோது விழுந்த கோடுகளும் அந்த மூலைக்குத்தான் போயிருந்தன.

"சரிவா இருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். ரசமட்டத்தை எடுத்து வந்து வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பார்த்தாள். அது அசையவில்லை. அதன் பக்கத்தில் நாயை நிறுத்திப் பொத்தானை அழுத்தினாள். முதல் அடியிலேயே சறுக்கியது.

வாசலை ஒட்டிய கட்டிலில் கிடந்த கனகதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பின்னங்கால் மோட்டாருக்குப் பலம் இல்லியாக்கும்" என்றாள் அவரிடம், கேட்காத கேள்விக்குப் பதில் போல. "பிடிப்பு மட்டும் இருந்தா போரும். நான் விடமாட்டேன், பாருங்க."

மறுநாள் காலையில் மதிலுக்கு அப்பால் குமாரி பால் எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தோட்டத்து ரப்பர் அவளுடையது.

"குமாரி, ஒரு சிரட்டை ரப்பர் பால் தா. உறைய வைக்கக் கொஞ்சம் ஆசிடும்."

"எதுக்கு அக்கா?"

"இந்த நாய்க்குக் காலுல பூசணும்."

குமாரி சிரிக்கவில்லை. "அண்ணன் கிடக்குத அந்த முறியில தானே விடுதிய?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அண்ணனக் கூடத்துல கொண்டு கிடத்துங்க அக்கா. அங்க காத்தாவது உண்டு." பாலை ஊற்றிக் கொடுத்தாள். 

நாலு பாதங்களையும் பாலில் முக்கி, உறைய வைத்து, அடுப்புச் சூட்டில் காட்டி, மறுபடி முக்கினாள். நாலு அடுக்கு. மத்தியானத்துக்குள் வீடு முழுக்கப் புளித்த நாற்றம் நிறைந்தது. மூன்று மணிக்கு வானம் இருண்டு ஐப்பசித் துலாமழை பிடித்தது. ஓட்டின் மேல் சரளைக் கல்லைக் கொட்டுகிற இரைச்சல். கரண்டும் போயிற்று. ஜன்னல் வழியே வந்த சாம்பல் வெளிச்சம் கட்டில் வரைக்கும் எட்டியது. கன்னிமூலைக்கு எட்டவில்லை.

நாயை அறை நடுவில் வாசலைப் பார்த்து நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

ஒரு எட்டு. இரண்டு. ஒவ்வொரு எட்டிலும் ரப்பர் தரையைவிட்டுப் பிரியும் பச்சென்ற சத்தம். ஐந்து எட்டு வைத்தும் வழுக்கவில்லை. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. செருப்பில்லாமல் உள்ளே போய் அதன் பின்னால் நின்றாள்.

"பாத்தியளா? தரையில ஒண்ணுமில்ல. பிடிப்புதான் காரியம்."

நாய் நின்றது.

காலைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. உள்ளே மோட்டார் முனகியது, பிறகு கீச்சிட்டது. பாதங்கள் தரையில் பதிந்திருக்க, உடம்பு மட்டும் பின்னால் சாய்ந்தது. யாரோ வாலைப் பிடித்து இழுப்பது போல. வாலருகே யாரும் இல்லை. முழங்கால்கள் நீண்டன. பிளாஸ்டிக் வெளுத்தது. தலை இரண்டு முறை வாசல் பக்கம் ஆடியது.

படக்கென்று ஒடிந்தது.

உடம்பு மொசைக்கில் சறுக்கி அவள் காலைக் கடந்து போனது. மெதுவாக. மூலை இருட்டுக்குள் போனது. சுவரில் இடிக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

அது கேட்கவில்லை. மோட்டாரின் கீச்சொலி மட்டும் தூரத்தில், இன்னும் தூரத்தில், ஆழமான கிணற்றுக்குள் இறங்குவது போலத் தேய்ந்து நின்றது.

அறை நடுவில் நாலு கால்கள் நின்றன. உடம்பில்லாமல். வழுக்காமல்.

"சத்தியா."

அவள் திரும்பினாள். கனகதாஸின் கண்கள் திறந்திருந்தன. வாய் கோணி, எச்சில் வழிய, மூன்று மாதத்தில் முதல் வார்த்தை.

"கட்டில்ல ஏறு."

அவர் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். விரல் நுனிகளுக்கு நடுவே ஒரு சாண்.

உள்ளங்காலில் தரை சில்லிட்டது. காய்ந்த தரை. ஒரு சொட்டு ஈரம் இல்லை. பெருவிரல்களைத் தரையில் ஊன்றினாள். நகம் வளைந்தது.

சத்தியபாய் அசையவில்லை. ஒரு எட்டுகூட எடுத்து வைக்கவில்லை.

விரல்களுக்கு நடுவே இரண்டு சாண்.

மூன்று.