நகர்த்த முடியாத கோப்பு

கணினியில் இடம் குறைந்துகொண்டே வந்தது. காரணம் பிடிபடவில்லை.

கணினி பழுது பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. வீட்டுக் கணினியின் ஹார்டு டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தவனும் அவனே: முதல் பகுதியில் கணினியை ஓட்டும் மென்பொருள், இரண்டாவதில் இறந்துபோன மகளின் குரல் பதிவுகள். டிஸ்க் ஒன்றுதான், நடுவில் ஒரு தடுப்பு. மென்பொருள் கெட்டால் முதல் பகுதியை மட்டும் அழித்து மீட்டுக்கொள்ளலாம், மகளின் குரலுக்கு ஒன்றும் ஆகாது. தடுப்பு தானாக நகராது. ஆனால் நகர்ந்திருந்தது. இரண்டாம் பகுதி பெருத்திருந்தது.

"நீங்களே எதையாவது நோண்டிட்டு மறந்திருப்பீங்க," என்றாள் மனைவி, துணி மடித்தபடி. "ஊரு கம்ப்யூட்டரெல்லாம் ஓடும், நம்ம வீட்டுது மட்டும் நொண்டும்."

சிரித்தான். அப்போதுதான் கவனித்தான்: தலைக்கு மேலே மின்விசிறி சுற்றியது, திரைச்சீலை அசைந்தது, ஆனால் வருஷக்கணக்காக அது போட்டுவந்த கடகடச் சத்தம் இல்லை, குழாயிலிருந்து வாளியில் சொட்டும் நீருக்கும் சுவர்க் கடிகாரத்தின் முள்ளுக்கும்கூடச் சத்தமில்லை.

இரண்டாம் பகுதியைச் சுருக்கப் பார்த்தான். முடியவில்லை. ஓரத்தில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் ஆகும். அதைத் தேடித் திறந்தான். ஒலிப்பதிவு. கடகடவென்று மின்விசிறி. சொட்டும் நீர். கடிகாரம். எல்லாவற்றுக்கும் முன்னால், மிக அருகில், ஒரு குழந்தையின் மூச்சு.

"இங்க கொஞ்சம் வாயேன்."

வந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பீக்கரில் அவள் குரல்: "என்னங்க, ஒரே இருட்டா இருக்கு."

பிறகு மகள். "அப்பா, அம்மா வந்துட்டாங்க. நீ வர்றதுக்குத்தான் இடம் பத்தல."

ஸ்பீக்கரின் கம்பியைப் பிடுங்கினான். ஸ்பீக்கரில் அந்த மூச்சு நிற்கவில்லை.

இரண்டாம் பகுதியை அழிக்கலாம். அழித்தால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். அவன் கை எங்கே போகிறதென்று மனைவி பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மீட்புக்கான பென்டிரைவைச் செருகி, கணினியை அணைத்து, அதிலிருந்து துவக்கினான். அணைந்திருந்த அந்த நேரத்திலும் மகள் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வழி எளிது. முதல் பகுதியை அழித்து, அந்த இடம் முழுவதையும் இரண்டாவதோடு சேர்த்துவிட வேண்டும்.

விசையை அழுத்தினான்.

டக்கென்ற சத்தம் விரலுக்கடியில் கேட்கவில்லை. கம்பி இல்லாத ஸ்பீக்கருக்குள் கேட்டது.